எழுந்து போன கயிறு

பாம்பு பழிவாங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் கதைக்குள் போவது முறையல்ல. தன்னை அடித்தவன் முகத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு, பல வருடம் பொறுத்திருந்து, தெரு விசாரித்து, வீடு தேடி வந்து கடிப்பதற்கான ஞாபகசக்தியோ ஓய்வு நேரமோ பாம்புக்குக் கிடையாது.

அதற்கெல்லாம் ஒரு கணவன் வேண்டும்.

அம்பலவாணன் கணவர். மலையடிவாரத்து ஊரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறுவார். மாலையில் மடத்துச் சாமியிடம் வேதாந்தப் பாடம் கேட்பார். சாமி அவரைவிட வயதில் இளையவர். முழங்கால் மட்டும் மூத்தது.

அன்று ஞாயிறு இல்லை. இருந்தும் விடிந்ததும் விடியாததுமாக அம்பலவாணன் மடத்துக்கு வந்து நின்றார்.

"சாமி, என் வீட்டுக்காரிக்குப் பாம்பு பயம். அதுக்கு ஒரு மந்திரம் வேணும்."

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எப்போ இருந்து பயம்?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்தே."

"மந்திரம் எப்போ இருந்து வேணும்?"

அம்பலவாணன் தயங்கினார்.

"நேத்துல இருந்து."

"நேத்து வீட்டுக்குள்ள பாம்பு வந்துட்டோ?"

"இல்ல சாமி. அவ மலை மேல அருவிக்குப் போயிட்டு வந்தா."

"அப்போ பயம் போயிட்டுன்னு சொல்லும். நல்ல சேதிதானவே."

"அவ அத்தை மகன்கூடப் போயிட்டு வந்தா."

சாமியின் விரல் கீரைக்காம்பில் நின்றது.

அத்தை மகன் பெயர் அணைஞ்சபெருமாள். தூத்துக்குடியில் உப்பு வியாபாரம். மூச்சு இளைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, இந்த ஊரில் வீடு பிடித்துத் தங்கியிருந்தார். அம்பலவாணன் மனைவி உலகம்மைக்கு முறைமாப்பிள்ளை. ஒருகாலத்தில் பேச்சும் நடந்தது, ஜாதகம் சேரவில்லை. ஜாதகத்தில் அம்பலவாணனுக்கு நம்பிக்கை வந்ததே அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான்.

"பல்லியைப் பார்த்தா நாற்காலி மேல ஏறுத ஆளு சாமி அவன்."

"ஓகோ."

"நானும் வருஷக்கணக்கா அவளைக் கூப்பிடுதேன். ஊர் எல்லைப் புளியமரம் வரைக்கும் வருவா. அங்கன நின்னுக்கிட்டு, 'நீங்க போயிட்டு வாங்க'ம்பா. நான் என்ன சொல்லலை? நம்ம மலையில முக்கால்வாசிப் பாம்புக்கு விஷமே கிடையாதுன்னு சொன்னேன். விஷம் உள்ளதுல எது கடிச்சா எவ்வளவு நேரத்துல உயிர் போகும்னு, தனித்தனியா விளக்குனேன்."

"மலைக்குக் கூப்பிடும்போதா?"

"நடந்துக்கிட்டேதான். நீங்க நடத்துன பாடத்தையும் சொன்னேன். இருட்டுல கிடக்கிற கயித்தைப் பாம்புன்னு நினைச்சு நடுங்குதோம், அறிவு வந்தா அது கயிறுதான்னு. ஒண்ணும் ஏறலை."

"சரி."

"நேத்து சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். அவ தலையில செங்காந்தள்."

"அந்தப் பூவோட பேரை அவளுக்குச் சொன்னதே நான்தான் சாமி. அந்தக் காலத்துப் புலவர்கள் அதைப் படமெடுத்த பாம்புக்கு ஒப்பிட்டிருக்காங்கன்னுகூடச் சொல்லியிருக்கேன்."

"அப்போ தலையில வச்சாளா?"

"வைக்கலை."

"நேத்து?"

"அந்தத் தடியன் பறிச்சுக் குடுத்திருக்கான். அது என்ன பூன்னே அவனுக்குத் தெரியாது!"

சாமி கீரைக்காம்புகளை ஒதுக்கிவைத்தார்.

"நாளைக்குக் காலையில நீரும் நானும் அருவிக்குப் போவோம்."

"மந்திரம்?"

"அங்கன வச்சுத் தாரேன்."

மறுநாள் போனார்கள்.

அம்பலவாணன் முன்னால் நடந்தார். அவர் எப்போதும் முன்னால்தான் நடப்பார். வழியில் கண்ட செடியின் பெயரையும் குணத்தையும் திரும்பிப் பாராமலே சொல்லிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர்கள் கேட்பார்கள் என்பது அவருடைய அனுமானம்.

ஒரு வளைவு தாண்டியதும் பின்னால் காலடிச் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தார். கீழே, பாதையின் குறுக்கே கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் சாமி அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"கயிறு சாமி! வாங்க!"

சாமி வரவில்லை.

"மாடு கட்டுற கயிறு. நான் தாண்டித்தான் வந்தேன்!"

"நீர் தாண்டினீர்."

"நீங்கதானே பாடம் நடத்துனீங்க! பாம்பு இல்ல, கயிறுன்னு!"

"அது உக்காந்துக்கிட்டுச் சொன்னது. இப்போ நிக்கேன்லா."

அம்பலவாணனுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு எரிச்சலானது. நின்ற இடத்திலிருந்தே வாதங்களை எடுத்துவைத்தார். காலை நேரத்தில் பாம்பு இப்படிப் பாதை நடுவில் கிடக்காது என்றார். கிடந்தாலும் காலதிர்வு கேட்டு ஓடிவிடும் என்றார். ஓடாமல் கிடப்பதே அது கயிறு என்பதற்குச் சான்று என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. சாமி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கால் மட்டும் நகரவில்லை.

வெயில் ஏறியது.

"என்ன சாமி பயம்? அதான் நான் இருக்கேன்லா!" என்று அம்பலவாணன் கத்தினார்.

கீழேயிருந்து சாமியும் கத்தவேண்டியிருந்தது.

"எங்க இருக்கீர்?"

அம்பலவாணன் வாயைத் திறந்தார். பிறகு, தான் நிற்கும் வளைவையும், சாமி நிற்கும் இடத்தையும், நடுவில் கிடந்த பாதையையும் பார்த்தார். அவ்வளவு பாதை அங்கே இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

இறங்கிப் போனார். சுருண்டு கிடந்ததைத் தாண்டி, சாமிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி, போவோம்" என்றார் சாமி. போய்க் குனிந்து அதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அது கயிறுதான்; இதைச் சொல்லாமல் விட்டால் சிலர் வேறு மாதிரி எழுதிவைத்துவிடுவார்கள்.

"பயந்து நின்னீங்களே சாமி?"

"அப்போ இருந்துச்சு."

"மந்திரம் தாரேன்னீங்களே சாமி?"

சாமி மலையிறங்கத் தொடங்கியிருந்தார்.

வீட்டுக்குப் போனபோது உலகம்மை மோர் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்பலவாணன் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு மிளகாயை எடுத்து, அது கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அவன்கூட மட்டும் எப்படிப் போனே?"

இந்தக் கேள்வி இரண்டு நாளாக வீட்டுக்குள் அலைவது அவளுக்குத் தெரியும்.

"எந்த அவன்?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"அத்தானுக்கு என்னைவிடப் பயம்" என்றாள் உலகம்மை. "நாலு எட்டு வைப்பாரு. 'உலகு, அங்கன என்னமோ கிடக்கு'ம்பாரு. நிப்பாரு. நானும் நிப்பேன். ரெண்டு பேரும் அதையே பார்ப்போம். அது அசையலைன்னா, 'நீ என்ன சொல்லுதே, போலாமா?'ன்னு என்னைக் கேப்பாரு. நான் போலாம்னா போவோம்."

"கையைப் பிடிச்சானா?"

"ஒரு கையில இளைப்பு மருந்து. ஒரு கையில கம்பு. பிடிக்கிறதுக்கு மூணாவது கைக்கு எங்க போவாரு?"

இந்தப் பதில் அம்பலவாணனுக்கு முழு ஆறுதலைத் தரவில்லை. கம்பைக் கீழே வைத்திருக்கலாம் அல்லவா?

"நான் கூப்பிட்டப்போ நீ ஒருநாளும் வந்ததில்லை."

"ஏன், வந்தேனே. கல்யாணம் ஆன புதுசுல. பாதையில ஒண்ணு கிடந்துச்சு. பாம்புன்னேன். கயிறுன்னு சொன்னிய. அது எந்திரிச்சுப் போச்சு."

அம்பலவாணன் மிளகாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சாரைப்பாம்பு. அதுக்கு விஷம்..."

"பார்த்தியளா?"

அவர் நிறுத்திக்கொண்டார்.

"உங்ககூட வந்தா, நான் ஒருத்திதான் பயப்படணும்" என்றாள் உலகம்மை. "அவ்வளவையும் நானே பயப்படணும். அத்தான்கூடப் போனா அவர் பாதியை எடுத்துக்கிடுதாரு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் கூப்பிடவில்லை. கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். சிறிது நேரம் கழித்து உலகம்மை செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

புளியமரம் தாண்டியதும் ஓரத்துச் சருகுக்குள் ஏதோ சரசரத்தது. உலகம்மை நின்றாள்.

அம்பலவாணனுக்கு அது ஓணான் என்று தெரியும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

நின்றார்கள்.

இன்னும் நின்றார்கள்.

"அத்தானாவது நெசமாவே பயந்தாரு" என்றாள் உலகம்மை, சருகிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க சும்மா எனக்காக நிக்கிய. உங்களுக்குத்தான் பயமே கிடையாதே."

"எனக்கும் இருக்கு."

"எது, பாம்பா?"

"இல்ல."

"பின்னே?"

அவர் கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"உன் அத்தான்."

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று முகத்தில் தேடினாள். முகம் வெளிறியிருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

"அந்த மனுஷனையா!"

அவள் சிரித்த சிரிப்பில் சருகுக்குள் இருந்தது பாதையைக் கடந்து ஓடியே போயிற்று. என்ன அது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"கம்பை இப்படிக் குடுங்க" என்றாள். "நீங்க பின்னால வாங்க. ரொம்பப் பின்னால வேண்டாம்."

இருவரும் நின்று நின்று நடந்தார்கள். முதல் ஓடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அருவிக்கு நேரமில்லை. கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையை ஓடைக்கரையிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.