அந்தி நேரத்து மலை

"இந்த வானத்தை எப்படி மேடம் துடைக்கிறது?" என்று கேட்டார் தணிகாசலம்.

நில அளவையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் செயற்கைக்கோள் படம் படிக்க வந்தவர் அவர். சொல்லிக்கொடுக்கும் நூர்ஜஹானுக்கு வயது அவரில் பாதிதான்.

திரையில் செங்கூரை மலை மிதந்துகொண்டிருந்தது. போன மாதம் எடுத்ததையும் நேற்று அந்தியில் எடுத்ததையும் ஒப்பிட்ட ரேடார் படம். மஞ்சளும் நீலமுமாக வரிகள் படர்ந்து, மலை தூக்கத்தில் புரள்வதுபோல் இருந்தது.

அழகுதான். அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலைச்சரிவில் ஓர் ஊர் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. மண் நகர்கிறதா என்று சொல்ல வேண்டியவர் இவர். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

"அந்தியில மேல்வானத்து அயனி மண்டலம் கொந்தளிக்குது மேடம். அதைத் தாண்டி வர்றதுக்குள்ள ரேடார் அலை தடுமாறிடுது. இந்த வரியெல்லாம் அதால வந்ததுதான்."

"குறுகின அலையில எடுத்தா அவ்வளவா தடுமாறாதே?"

"அது இலையிலேயே நின்னுடும். காட்டுக்குள்ள புகுந்து மண்ணைத் தொடுறது இந்த நீள அலைதான்."

"அப்ப மண்ணைத் தொடுறதுதான் வானத்துக்கிட்டயும் மாட்டிக்குது" என்று நூர்ஜஹான் சிரித்தார்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வரிகளையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கிய இன்னொரு படத்தைத் திறந்தார். அதில் மலை சாதுவாகப் படுத்திருந்தது.

"துடைச்சுட்டேன். எதுவும் நகரலை."

"வானத்தைத் துடைச்சீங்களா, மலையையே துடைச்சீங்களா?"

அவர் அந்தப் படத்தை மூடினார்.

"வந்த அலையை ரெண்டாப் பிரிங்க. அதிர்வெண்ல மேல்பாதிக்கு ஒரு படம், கீழ்பாதிக்கு ஒரு படம். நகர்வு எவ்வளவுன்னு ரெண்டையும் சென்டிமீட்டர்ல போட்டு, மாத்தி மாத்திப் பாருங்க. வானம் பண்ற குழப்பம் ரெண்டுலயும் வேற வேற அளவுல தெரியும்; மண் நகர்ந்திருந்தா ரெண்டுலயும் ஒரே அளவுதான்."

பார்த்தார். கீழ்பாதியில் வரிகள் கொஞ்சம் பெருத்தன. மேல்பாதியில் கொஞ்சம் இளைத்தன. பெருத்து, இளைத்து, மறுபடி பெருத்து. வானமே திரைக்குள் வந்து மூச்சு விட்டது. அவருக்குக் கண் சொக்கியது. ஊர் மறந்தது, மழை மறந்தது.

"எல்லாமே மாறுது மேடம்."

"எல்லாமேவா?"

மறுபடி பார்த்தார்.

ஊருக்கு நேர் மேலே வரிகளுக்கு நடுவே ஒரு சின்ன நிறத்திட்டு. எத்தனை முறை மாற்றினாலும் அது மட்டும் அப்படியே இருந்தது.

நூர்ஜஹான் மேசைமேல் இருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

தணிகாசலம் அதை எடுத்தார். கலெக்டர் அலுவலகத்து எண்ணை அழுத்தினார்.

"ஊரைக் காலி பண்ணச் சொல்லுங்க சார். இப்பவே."