செவ்வாயும் வெள்ளியும் வரும் வண்டி

மலையடிவாரத்துச் சிறு நகரம் ஒன்றில், முப்பத்தொரு வீடுகள் உள்ள ஒரு தெருவின் கடைசியில் உலகம்மாளின் மடம் இருந்தது. அங்கே ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு வேலை. நமசிவாயத்துக்குக் கிடைத்தது குப்பை.

அவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார். உலகம்மாள் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். நமசிவாயம் அவரை அம்மா என்றுதான் அழைப்பார். உலகம்மாள் அவரை ஐயா என்பார்.

வேலை ஒன்றும் கடினமில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு நகராட்சியின் பேட்டரி வண்டி வரும். அதை ஓட்டிவரும் பேச்சிக்கனி விசில் ஊதுவார். நமசிவாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை நீட்டுவார். காலி வாளி திரும்பி வரும். அவ்வளவுதான்.

ஆனி மாதம் வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனி வண்டி செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும். மக்கும் குப்பையைப் பச்சை வாளியிலும், மக்காத குப்பையை நீல வாளியிலும் தனித்தனியாகத் தர வேண்டும்.

தெரு கொதித்தது. இரண்டே வாரத்தில் டிரான்ஸ்பார்மர் அடியில் ஒரு குப்பைமேடு எழுந்தது. நாய்கள் பைகளை இழுத்துக் கிழித்தன. பால் கடை செண்பகவல்லி மடத்துக்கு வந்தார்.

“ஐயா, நீங்க தாசில்தாரா இருந்தவுக. ஒரு மனு எழுதித் தாங்க. வண்டி தினமும் வரணும்.”

நமசிவாயத்துக்கு உள்ளூர மகிழ்ச்சி. நான்கு பக்கம் எழுதினார். எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினார். கொடுப்பதற்கு முன் உலகம்மாளிடம் காட்டினார்.

“அம்மா, வண்டியைத் தினமும் வர வைக்க வேண்டும். இது போதுமா?”

உலகம்மாள் நான்கு பக்கத்தையும் படித்தார்.

“நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இன்று என்ன கிழமை?”

“சனி.”

“செவ்வாய்க்கிழமை கொடுக்கலாம்.”

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். குப்பை வாளியைத் தூக்கி வந்து, தியான அறையில் நமசிவாயம் உட்காரும் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

“இங்கேயா அம்மா?”

“இங்கேதான்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“வண்டி வரும்வரை.”

சனிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு காலை ஈ மொய்த்தது. மதியம் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. திங்கள் காலை அவரால் கண்ணை மூட முடியவில்லை. எழுந்தார். வாளியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு குப்பை வாளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

சோறு. முருங்கைக்காய்ச் சக்கை. வாழைப்பழத் தோல். அவற்றோடு பால் கவர்கள், மாத்திரை அட்டைகள், பாட்டில் மூடிகள். கவருக்குள் மாட்டிக்கொண்ட சோறுதான் அழுகி நாறியது.

முதலில் ஒரு குச்சியால் கிளறினார். குச்சியால் ஆகவில்லை. கையை விட்டார். தென்னை மரத்தடியில் குழி வெட்டி, சோற்றையும் தோலையும் போட்டு, சருகால் மூடினார். கவர்களைக் கழுவித் துணிக்கொடியில் தொங்கவிட்டார். மிஞ்சியதை வாளியில் போட்டு, மறுபடியும் பாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

நாற்றம் இல்லை.

செவ்வாய்க்கிழமை உலகம்மாள் கேட்டார்: “மனுவைக் கொடுக்கப் போகிறீர்களா?”

நமசிவாயம் வாளியை எட்டிப் பார்த்தார். கால் வாளிகூட இல்லை.

“இதற்கு வாரம் ஒரு முறை வண்டி வந்தாலே போதும் அம்மா.”

நான்கு பக்க மனு பச்சை வாளிக்குப் போனது.

அன்றைக்கே அவர் தெருவில் இறங்கினார். வீடு வீடாகப் போனார். தாசில்தார் குரல் சில வீடுகளில் வேலை செய்தது. சில வீடுகளில் வேலையைக் கெடுத்தது. “எங்க அடுப்படியில வந்து அதிகாரம் பண்ணாதிய” என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். மறு வாரம் அதே வீட்டுக்குக் குரலைத் தணித்துக்கொண்டு போனார். ஆவணி முடிவதற்குள் இருபத்திரண்டு வீடுகளில் இரண்டு வாளி வந்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் அடியில் தரை தெரிந்தது.

“உங்க தெருவுக்கு வந்தாத்தான்யா கொஞ்சம் மூச்சு விட முடியுது” என்றார் பேச்சிக்கனி.

நமசிவாயம் அன்று முழுவதும் அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கவனமாகப் பிரித்துக் கொடுப்பது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பின்னாலேயே போனார்.

பைபாஸ் ஓரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஒரு லாரி. பேச்சிக்கனி பச்சை டிரம்மைத் தூக்கி லாரியில் கவிழ்த்தார். பிறகு நீல டிரம்மைத் தூக்கி அதே லாரியில் கவிழ்த்தார்.

“ஏய், என்ன செய்யுதே?” நமசிவாயம் கத்திவிட்டார்.

“நான் என்ன செய்ய ஐயா? இருக்கது ஒரு லாரி. மேஸ்திரி இதுலதான் கொட்டச் சொல்லுதாரு.”

துப்புரவுப் பணியை மேற்பார்க்கும் மேஸ்திரி வந்தார். “ரெண்டாவது லாரி கேட்டிருக்கோம் சார். வந்ததும் தனித்தனியா எடுத்துருவோம்.”

“எப்ப வரும்?”

“வரும் சார்.”

அவர் வெயிலில் நடந்தே திரும்பினார். பால் கடையில் செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நமசிவாயத்துக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

“இதுக்கா ஐயா நான் ஒவ்வொரு கவரா அலசிக் காயப்போட்டேன்?”

சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. சிலர் கோபப்பட்டார்கள். பலர் சிரித்தார்கள். சிரிப்புதான் அவரை அதிகம் சுட்டது.

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நமசிவாயம் எதிரில் வந்து நின்றார்.

“நிறுத்திவிட்டேன் அம்மா.”

“எதை?”

“பிரிப்பதை. இங்கே நாம் பிரிக்கிறோம். அங்கே எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது.”

“அப்படியா.”

உலகம்மாள் வேறு ஏதாவது சொல்வார் என்று நமசிவாயம் நின்றார். அவர் கீரையை ஆய்ந்து முடித்தார். தண்டுகளைத் தனியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நமசிவாயம் எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டார். செவ்வாய்க்கிழமை வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். பேச்சிக்கனியின் முகத்தைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. அன்று காலை தெருவில் நான்கு வீடுகளில் மட்டும் இரண்டு வாளிகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை வண்டியை வேறொரு பெண் ஓட்டி வந்தார். பேச்சிக்கனி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் கட்டு.

“என்ன ஆச்சு?” என்றார் நமசிவாயம்.

“பிளேடு ஐயா. செவ்வாக்கிழமை கிழிச்சுட்டு. ஏழு தையல். ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது.”

“எந்த வீட்டு வாளியில?”

பேச்சிக்கனி கட்டுப் போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். “வண்டிய எடு” என்றார், ஓட்டி வந்த பெண்ணிடம்.

நமசிவாயம் வாசலிலேயே நின்றார். மடத்தில் ஆண்கள் மூன்று பேர். மற்ற இருவரும் தாடி வளர்ப்பவர்கள். தினமும் சவரம் செய்துகொள்பவர் அவர் ஒருவர்தான். திங்கட்கிழமை பிளேடு மாற்றியது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் பழைய பிளேடைக் காகிதத்தில் சுருட்டி, நூல் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று எழுதித்தான் போடுவார். திங்கட்கிழமை அப்படியே வாளியில் விட்டெறிந்தார். எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது.

அவர் உலகம்மாளிடம் போனார்.

“அம்மா, பேச்சிக்கனியின் கையைக் கிழித்தது என் பிளேடு.”

உலகம்மாள் அவரையே பார்த்தார்.

“அவரிடம் சொல்லிவிட்டீர்களா?”

“இல்லை.”

“என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள்?”

பேச்சிக்கனியின் வீடு தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. மதியம். அவர் இடது கையால் வெங்காயம் நறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் வழுக்கி வழுக்கி ஓடியது. நமசிவாயம் வாசலில் நின்றார். எத்தனையோ பேர் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். அப்படி நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

“அந்தப் பிளேடு நான் போட்டது” என்றார்.

“தெரியும்யா.”

“தெரியுமா?”

“உங்க வாளியிலதான கிழிச்சது.”

“காலையில கேட்டேனே. ஏன் சொல்லல?”

“வாசல்ல வச்சு எப்படிச் சொல்ல?” பேச்சிக்கனி கத்தியைக் கீழே வைத்தார். “மத்த வீட்டு வாளின்னா குச்சிய விட்டுக் கிண்டிப் பாத்துட்டுத்தான் அள்ளுவேன். இது உங்க வாளிதானேன்னு பாக்காமக் கைய விட்டுட்டேன்.”

நமசிவாயம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓரடி வைத்தார்.

“உக்காருங்கய்யா. வெயில்ல வந்திருக்கிய. தண்ணி தாரேன்.”

இடது கையால் செம்பைச் சாய்த்து, டம்ளரில் ஊற்றி, இடது கையால் கொடுத்தார். “இந்தக் கையால குடுக்கேன்னு நினைக்காதிய.”

நமசிவாயம் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுக் கத்தியை எடுத்து, மீதி வெங்காயத்தை அவரே நறுக்கினார். பேச்சிக்கனி வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு சொல்லவில்லை.

மறுநாள் காலை நமசிவாயம் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். இந்த முறை நோட்டீஸைப் பற்றிப் பேசவில்லை.

“என் பிளேடு பேச்சிக்கனி கையைக் கிழிச்சுட்டுது” என்றார்.

ஒவ்வொரு வாசலிலும் அதையேதான் முதலில் சொன்னார். சொல்வது எந்த வாசலிலும் எளிதாகிவிடவில்லை.

செண்பகவல்லி கேட்டார்: “அந்த லாரி என்ன ஆச்சு?”

“ஒரே லாரிதான். இப்பவும் கலந்துதான் கொட்டுறாங்க.”

“பெறகு?”

“கூரானதைச் சுருட்டிக் கட்டித் தனியாக் குடுங்க. மத்ததையும் முன்ன மாதிரி பிரிச்சுக் குடுங்க. செவ்வாயும் வெள்ளியும் நான் வந்து வாங்கிக்கிறேன்.”

“நீங்களா?”

“அவங்க கை சரியாகிற வரைக்கும்.”

செண்பகவல்லி உள்ளே போனார். செவ்வாய்க்கிழமை அவர் கடை வாசலில் இரண்டு வாளிகள் இருந்தன.

நமசிவாயம் வண்டியோடு நடந்தார். வாளிகளை வாங்கி டிரம்மில் கவிழ்த்தார். ஒரே வாளியாகத் தந்த வீடுகளில் அங்கேயே குந்தி உட்கார்ந்து பிரித்தார். முன்னாள் தாசில்தார் தங்கள் வாசலில் குந்தியிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சில வீட்டுக்காரர்கள் தாங்களே பிரிக்கத் தொடங்கினார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்திய கதவுகளை அடுத்த வாரம் மறுபடியும் தட்டினார்.

திங்கள்தோறும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். இரண்டாவது லாரியைப் பற்றிக் கேட்டார். முதல் மாதம் நாற்காலி கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் பெஞ்சைக் காட்டினார்கள். மூன்றாவது மாதம் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த திங்கள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

பேச்சிக்கனிக்கு ஒரு விரல் மடங்கத் தொடங்கியது. இன்னொன்று அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் அவரே வண்டியை ஓட்டி வந்தார். தை மாதம் இருபத்தாறு வீடுகளில் இரண்டு வாளி இருந்தது. நமசிவாயம் வண்டியோடு நடப்பதை நிறுத்தவில்லை.

ஒரு திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பினார். உலகம்மாள் கொல்லையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“இன்றைக்கும் லாரி இல்லை என்றுவிட்டார்கள் அம்மா.”

“சரி.”

“நாளையும் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொட்டுவார்கள்.”

“ஆமாம்.”

“இன்னும் எத்தனை நாள் இப்படிப் பிரித்துக்கொண்டிருப்பது?”

உலகம்மாள் குடத்தைக் கீழே வைத்தார்.

“இரண்டாவது லாரி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது ஐயா. பேச்சிக்கனி நாளைக் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார்.”