தையல்சிட்டு இலையை மட்டும் தைப்பது ஏன்

அந்தக் காலத்தில், காட்டு ஜீவன்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, தையல்சிட்டு பெரிய வைத்தியச்சி. முள் கிழித்தாலும் நரி கடித்தாலும் சிலந்தி நூலை எடுத்துச் சதையைத் தைத்துவிடும். மலையடிவாரத்தில் ஒரு கடம்ப மரத்தில் மருத்துவப் பள்ளி நடத்தியது. படித்தவை ஐந்தே அணில்கள். காயம் பட்டு யார் வந்தாலும் பாடம் அந்த இடத்திலேயே நிற்கும். அணில்களும் ஆளுக்கொரு தையல் போடும்.

பேர் பரவினால் சும்மா விடுவார்களா? நட்சத்திரம் பற்றிச் சொல்லித்தர ஆந்தை ஒரு கிளை கேட்டது. ஆற்றை ஆராய நீர்நாய் வந்தது, மண்ணை ஆராயக் கறையான் வந்தது. "காட்டுக்கே பொதுவான இடம், வாங்க வாங்க" என்றது சிட்டு. நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். பத்தே வருஷத்தில் நாற்பது மரம், முப்பது துறை. பள்ளி பல்கலைக்கழகம் ஆயிற்று, சிட்டு துணைவேந்தர் ஆயிற்று. கூட்டத்துக்குப் போகவே அதற்குப் பொழுது சரியாக இருந்தது. புதிதாக வந்த அணில்களோ தையலைப் பற்றி ஆராய்ந்தனவே தவிர, தைக்கவில்லை.

ஒருநாள் காலை ஆட்சிக்குழு கூடியது. வாசல் பலகையில் எந்தத் துறையின் பேரை முதலில் எழுதுவது என்று ஒரே சண்டை.

"மருத்துவம்தான் முதலில்! அது இல்லாவிட்டால் நீங்களெல்லாம் ஏது?" என்று குதித்தது சிட்டு.

அப்போது ஒரு மந்தி, தொடை கிழிந்த குட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தது. வாசலில் உடும்பு காவல்.

"உடும்பண்ணே, ரத்தம் நிக்கலை. சிட்டக்காவைக் கூப்பிடுங்க!"

"கூட்டம் நடக்குதும்மா. கொஞ்சம் பொறு."

மந்தி அணில்களிடம் ஓடியது. "பன்னிரண்டு வகைத் தையல் எங்களுக்குத் தெரியும். ஒண்ணுகூடப் போட்டதில்லையே அக்கா" என்று அவை கையைப் பிசைந்தன. மந்தி திரும்பவும் வாசலுக்கு வந்து கத்தியது.

அந்தக் குரல் சிட்டுக்குக் கேட்டது. கேட்காமல் இல்லை. "இதோ, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாக்கெடுப்புக்கு இறக்கையைத் தூக்கியது.

மருத்துவம் ஜெயித்தது. சந்தோஷமாக வெளியே வந்து பார்த்தால், குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது. "ஐயோ, ஐயோ" என்று நூலை இழுத்து அவசர அவசரமாகத் தைக்க ஆரம்பித்தது சிட்டு.

மந்தி அதன் அலகை மெல்லத் தள்ளியது. "போதும் தாயி. இனிமே எதுக்குக் குத்துறே? விட்டுடு."

சிட்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதது. பாவம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பதவியை அன்றே விட்டது. பிறகு எத்தனையோ காயங்களுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தது. சதையைக் கண்டாலே அலகு நடுங்கியது, ஒரு தையல்கூட விழவில்லை.

அதிலிருந்துதான் தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு திரிகிறது. அடிபட்டு எது அலறினாலும், அந்தப் பக்கம் அது வருவதே இல்லை.