கோணாங்குளத்துப் பிள்ளைகள் எழுதிய ஆழமான கட்டுரை

கோணாங்குளம் உயர்நிலைப் பள்ளியில் பொன்னுக்கு வீங்கி முதல் பெஞ்சில்தான் ஆரம்பித்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எப்போதும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து படிக்கிறவர்கள். அதனால் ஒரே வாரத்தில் அத்தனை பேருக்கும் கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது. அங்கிருந்து நடு பெஞ்சுகளுக்குப் போன நோய், கடைசி பெஞ்சைப் பார்த்ததும் என்ன நினைத்ததோ, திரும்பிவிட்டது. பத்தாம் வகுப்பில் மிஞ்சியது மூன்று பேர். சொரிமுத்து, மாகாளி, முப்பிடாதி.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டுரைப் போட்டி வந்தது. பள்ளிக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு ‘நீரின் அருமை’. மறுநாள் மத்தியானம் அதிகாரி நேரில் வந்து வாங்கிக்கொண்டு போவார். கோணாங்குளம் இதுவரை ஆறுதல் பரிசுகூட வாங்கினதில்லை.

தமிழய்யா சிவனணைந்தான் மூன்று பேரையும் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, சொரிமுத்துவின் தோளில் கை வைத்தார். “எலே, நம்ம பள்ளிக்கூடத்து மானம் ஒன் கையிலதான் இருக்கு” என்றார்.

சொரிமுத்துவின் தோளில் எந்த வாத்தியாரும் அதற்கு முன் சும்மா கை வைத்ததில்லை. அவன் கையை விரித்துப் பார்த்தான். மத்தியானம் தின்ற எலுமிச்சை ஊறுகாய் மட்டும்தான் தெரிந்தது. கழுவினால் மானமும் சேர்ந்து போய்விடும் என்று அப்படியே மூடிக்கொண்டான்.

தமிழய்யாவுக்கும் அன்று காலையிலிருந்தே தாடை வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே விதிகளைச் சொன்னார். சொந்த நடையில் எழுத வேண்டும். ஓரம் விட்டு எழுத வேண்டும். பத்தி பத்தியாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பத்தியும் ஒரு கருத்தோடு முடிய வேண்டும். அடித்தல் திருத்தல் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டுரையில் ஆழம் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஆழம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வார்த்தையைச் சொல்லி முடிக்கும்போது அவருக்கு வாய் ஒரு விரல்கடைக்கு மேல் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் மாகாளி, அப்பாவின் பெட்டிக்கடையிலிருந்து ஒரு கட்டுப் பத்தி கொண்டுவந்தான். மல்லிகை வாசம். அதைப் பத்தி பத்தியாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரு கருத்தோடு முடிய வேண்டுமே, ஆகையால் அது எரிந்து தீரும் வரை கண்ணை மூடி யோசித்தார்கள். முதல் பத்தி முடிந்தபோது ‘நீர் ஈரமானது’ என்ற கருத்து முப்பிடாதிக்கு வந்தது. இரண்டாவது முடிந்தபோது மாகாளிக்குத் தும்மல் வந்தது. அது கருத்தில் சேருமா என்று பேசிப் பார்த்து, சேராது என்று தள்ளினார்கள்.

அடுத்தது நடை. யாருடைய நடை என்பதில்தான் சிக்கல். மாகாளி வாத்து மாதிரி அசைந்து நடப்பான். முப்பிடாதி நடக்கிறாளா ஓடுகிறாளா என்று அவள் அம்மாவுக்கே தெரியாது. மூன்று பேரும் மைதானத்தில் மாறி மாறி நடந்து காட்டினார்கள். கடைசியில், நேராகப் போகிறவன் சொரிமுத்து ஒருவன்தான் என்று தீர்மானமாயிற்று. மாகாளி பரீட்சை அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தான். சொரிமுத்து அதில் காகிதத்தை வைத்து மைப்பேனாவால் எழுதியபடி முன்பக்கமாக நடந்தான். முப்பிடாதி பக்கத்தில் நின்று வழி சொன்னாள்.

மைதானம் நாலு வரியில் முடிந்துவிட்டது. வெளியே தார் ரோட்டில் இறங்கினார்கள்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. இவர்கள் நடுரோட்டை விட்டு விலகவில்லை. பஸ்ஸும் இவர்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். முப்பிடாதி விவரமாகச் சொன்னாள்.

“சரி தாயி, கட்டுரைதானே, நல்லா எழுதுங்க. கொஞ்சம் ஓரமாப் போய் எழுதுனா என்ன?”

“ஓரம் விட்டுத்தான் எழுதணும்னு அய்யா சொல்லியிருக்காவ” என்றாள் முப்பிடாதி.

படித்த பிள்ளைகளிடம் என்னத்தைப் பேச என்று கண்டக்டர் போய் ஏறிக்கொண்டார். கீழத்தெரு முக்கு வரை பஸ் கட்டுரையின் வேகத்திலேயே வந்தது.

வழியில் ஒரு பள்ளம். அந்தக் குலுக்கலில் சொரிமுத்து ‘நீர்’ என்பதை ‘நிர்’ என்று எழுதிவிட்டான். முப்பிடாதிக்கு அது தெரிந்தது. வழக்கமாக இப்படித் தப்புச் செய்தால் அவள் அவன் முதுகில் ஒன்று வைப்பாள். அடித்தல் கூடாது. சரி, வாயாலாவது சொல்லலாம் என்றால் திருத்தலும் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

தெருக்குழாயைத் தாண்டும்போது சொரிமுத்துவுக்கு ஒரு வரி தானாக வந்தது. ‘எங்கள் அம்மா குடத்தை வரிசையில் வைத்து, நான் வரும் வரை நகராதே என்று குடத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள்.’ எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எழுதியதில் அவனுக்கே பிடித்த முதல் வரி அதுதான்.

அம்மன் கோயில் கிணற்றடியில் முடிவுரையும் முடிந்தது. இனி ஆழம் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. கிணறு கண் முன்னாலேயே இருந்ததை அம்மன் செயல் என்று மாகாளி கன்னத்தில் போட்டுக்கொண்டான். கட்டுரையை வாளிக்குள் வைத்து இறக்கினார்கள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. போகப் போக மூன்று பேர் முகமும் மலர்ந்தது. கடைசியில் ‘தொபுக்’ என்று சத்தம் கேட்டது.

“நல்ல ஆழம்” என்றான் மாகாளி.

மேலே இழுத்தபோது காகிதம் வெள்ளையாக இருந்தது. வாளித் தண்ணீரில் மட்டும் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு நீலம்.

சொரிமுத்து கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் குடம் போயிற்றே என்று அவனுக்கு அழுகை முட்டியது. முப்பிடாதி வாளிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஏல, எந்திரி. எழுத்து எங்கயும் போகல. காகிதத்துல இருந்து எறங்கித் தண்ணிக்குள்ள நிக்கி, அவ்வளவுதான்.”

“ஒரு வரிகூடக் கொறையலயா?”

“எப்படிக் கொறையும்? வாளியில ஓட்டை இல்லையே.”

சொரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவனும் மாகாளியும் ஆளுக்கொரு பக்கம் வாளியைப் பிடித்தார்கள். ஒருவன் நேர்நடை, ஒருவன் வாத்துநடை. பத்தடியிலேயே தளும்பிச் சிந்தியது. சிந்தினது எது என்று அங்கேயே நின்று ஆராய்ந்தார்கள். மேலே இருக்கிறதுதானே முதலில் சிந்தும், ஆகையால் போனது முன்னுரைதான், முடிவுரை அடியில் பத்திரமாக இருக்கும் என்று மாகாளி தேற்றினான். அரசமரத்தடியில் இளைப்பாற வைத்தபோது ஒரு வெள்ளாடு வந்து பொருளுரையில் வாய் வைத்து, விரட்டுவதற்குள் பாதியைக் குடித்துவிட்டது. குடித்துவிட்டு அது அசையாமல் நின்றதைப் பார்த்து, ஆட்டுக்கே யோசனை வந்துவிட்டது என்று மூன்று பேரும் பெருமைப்பட்டார்கள்.

பள்ளிக்கூடம் சேரும்போது ஒரு செம்புத் தண்ணீர்தான் மிச்சம். சத்துணவுக்கூடத்தில் ஒரு செம்பை வாங்கி, கட்டுரையை அதில் ஊற்றி, தட்டு வைத்து மூடி, தமிழய்யாவின் மேஜையில் வைத்தார்கள்.

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தமிழய்யா தாடையையும் தலையையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார். அவரால் பேச முடியவில்லை. மேஜையைக் கண்ணால் காட்டி, கட்டுரை எங்கே என்று பிள்ளைகளிடம் ஜாடை கேட்டார். பிள்ளைகளும் மேஜையையே காட்டினார்கள். அதிகாரி உபசாரம் தனக்குத்தான் என்று நினைத்து, தட்டை எடுத்துவிட்டு, செம்பைத் தூக்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“அடடா, அருமை” என்றார்.

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் எழுதினதில் இதுவரை யாரும் கடைசி வரை போனதில்லை. இவர் நிறுத்தாமல் போனதோடு, தலைப்பையும் சரியாகப் பிடித்துவிட்டார்.

அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு, “சரி, கட்டுரையைக் குடுத்திட்டீங்களா?” என்று கேட்டார்.

“ஒங்ககிட்டயேதான் இருக்கு சார்” என்றாள் முப்பிடாதி.

அதிகாரி தன் பையைப் பார்த்தார். ஏழெட்டுப் பள்ளிக்கூடத்துக் காகிதம் அதில் பிதுங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் வாங்கி வைத்திருப்பான் என்று தலையாட்டினார். சாயந்தரம் ஆபீசில் போய்த்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மார்க் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். நடந்தது அப்போதுதான் தமிழய்யாவுக்கு விளங்கியது. “ம்ம், ம்ம்ம்” என்று இரண்டு கையையும் ஆட்டினார். வழியனுப்புகிறார் என்று அதிகாரியும் கையாட்டினார்.

ஜீப் கிளம்பியது. சொரிமுத்துவின் முகம் திடீரென்று மாறியது. தலைதெறிக்க ஜீப்புக்குப் பின்னால் ஓடினான். கேட்டைத் தாண்டிப் புழுதிக்குள் ஓடிக்கொண்டே, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்:

“சார், ஆபீசு போய்ச் சேர்ற வரைக்கும் வழியில எங்கயும் ஒதுங்கிராதீங்க!”