மல்லிகை எண்ணெயும் மன்னன் தோளும்

மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைத்திராத காலம். அப்போது வெண்ணாவல் என்ற சிறிய நாட்டைச் சேந்தன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். சிறியவர்களே, கேளுங்கள். பெரியவர்களும் கேட்கலாம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் மழை பெய்ததும் மன்னன் தன் கையால் மேழி பிடித்து முதல் சால் உழ வேண்டும். அதற்கு முன் வேறு எந்த ஏரும் மண்ணில் இறங்கக் கூடாது.

அந்த ஆண்டு மழை வந்தது. மன்னனின் வலத் தோள்தான் வரவில்லை. அரசி நன்னாகை இறந்த நாளிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. கையை நீட்ட முடியவில்லை, ஊன்ற முடியவில்லை. நிலத்தில் ஈரமோ பத்து நாள்தான் நிற்கும். அதற்குள் விதைக்காவிட்டால் ஊருக்கு அந்த ஆண்டு சோறில்லை.

எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் சரியாகும் என்றார் மருத்துவர். மன்னன் ஒரு கட்டளை இட்டான். அரசி தன் கையால் காய்ச்சிய மல்லிகை எண்ணெய் ஒரு ஜாடி மிச்சம் இருந்தது. அதைத்தான் தேய்க்க வேண்டும்.

முதலில் ஒருவன் வந்தான். எண்ணெயில் சூடு போதாது என்று மிளகு சேர்த்துத் தேய்த்தான். தோல் சிவந்தது, தோள் இளகவில்லை. மூன்று நாள் போயிற்று.

இரண்டாவதாக ஒருவன் வந்தான். எண்ணெயில் பிடிப்பு போதாது என்று விளக்கெண்ணெய் சேர்த்துத் தேய்த்தான். போர்வை பிசுபிசுத்தது, தோள் இளகவில்லை. இன்னும் மூன்று நாள் போயிற்று.

மூன்றாவதாக வர ஆள் இல்லை. அமைச்சர் தேடி, கூத்தனை அழைத்து வந்தார். அவன் ஏர் மாடுகளின் கழுத்து வீக்கத்துக்கு எண்ணெய் தேய்க்கிறவன்.

“என்னப்பா, மூக்கணாங்கயிறும் கொண்டுவந்திருக்கிறாயா?” என்று கேட்டான் வாயில் காவலன்.

“முரண்டு பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்றான் கூத்தன்.

உள்ளே போய் மன்னனின் பின்னால் உட்கார்ந்தான். ஜாடியைத் திறந்தான். மன்னனின் தோள் ஒரு விரற்கடை மேலே ஏறியது. மூடினான். இறங்கியது. மறுபடி திறந்தான், ஏறியது. மூன்றாம் முறையும் ஏறியது. அவன் கை இன்னும் மன்னனைத் தொடவே இல்லை.

“என்ன விளையாட்டு இது?” என்றான் மன்னன்.

“மாட்டிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாது, அரசே. பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் பழக்கம். இந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது.”

“அது அரசி காய்ச்சியது. உன் தலை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா?”

“இப்போதைக்குக் கழுத்தின் மேல்தான், அரசே. அம்மா நன்றாகத்தான் காய்ச்சியிருக்கிறார்கள். எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. வாசம் வந்ததும் தோள் அவர்களைத் தேடுகிறது. தேடுகிற தோள் இளகாது.”

மன்னன் இடக் கையால் ஜாடியை வாங்கி, மூடித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு, “வேறு என்ன வைத்திருக்கிறாய்?” என்று கேட்டான்.

செக்கில் ஆட்டிய வெறும் நல்லெண்ணெய் வைத்திருந்தான் கூத்தன். அதையும் உடனே தேய்க்கவில்லை. மன்னனின் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்துவிட்டு மறுநாள் வரை காத்திருந்தான். நாள் குறைகிறது என்று அமைச்சர் கையைப் பிசைந்தார். விடிந்து பார்த்தபோது சிவப்பும் இல்லை, அரிப்பும் இல்லை. அதன் பிறகுதான் எண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்த்தான்.

முதல் நாள் மன்னன் தூங்கினான். இரண்டாம் நாள் கை நீண்டது. மூன்றாம் நாள் காலை மன்னன் மல்லிகை எண்ணெய் ஜாடியின் வாயைத் தானே துணியால் கட்டி, அரசியின் அறையில் வைத்துவிட்டு வயலுக்குப் போனான்.

அது பத்தாவது நாள். மன்னன் உழுத சால் கொஞ்சம் கோணல்தான். ஆனால் அவன் திரும்பிப் பார்த்தபோது, அவனுக்குப் பின்னால் நாற்பது ஏர்கள் ஈர மண்ணில் இறங்கியிருந்தன.

தேய்க்கிற எண்ணெயானாலும் செய்கிற உதவியானாலும், அது எவ்வளவு உயர்ந்தது என்று பாராமல், பெறுகிறவருக்கு ஏற்குமா என்று பார்த்தே கொடுக்க வேண்டும்.