ஓட்டுக்கூரையும் ஒரு பால்பல்லும்

கொட்டாரங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

அந்த ஊர் மாசாணத்தின் மகள் முத்தரசிக்கு ஆறு வயது. கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை விழுந்து, ஆசையாக வாங்கிய முறுக்கைக்கூடக் கடிக்க முடியாமல் அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது. மாசாணமும் தம்பி சுடலைக்கண்ணுவும் அவளை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“விழப்போற பல்லுதானம்மா, இதுக்குப் போயி வைத்தியமா?” என்றான் மாசாணம்.

“விழுற வரைக்கும் பிள்ளை சாப்பிட வேண்டாமா? இப்பவே கவனிக்கலைன்னா அடுத்து வர்ற பல்லும் கெட்டுப்போகும்,” என்றார் பல் டாக்டரம்மா. “மருந்து வச்சிருக்கேன். அடுத்த வாரம் வாங்க, அடைச்சிடலாம். அதுவரைக்கும் காலையிலயும் ராத்திரியும் பிள்ளையோட பல்லை ஒண்ணு விடாம தேய்ச்சு விடுங்க. இல்லைன்னா பிடுங்கத்தான் வேணும்.”

பிடுங்குவது என்றதும் மாசாணம் வழியிலேயே பிரஷ்களும் பேஸ்ட்டும் வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்தான்.

“ஏல, ஒண்ணு விடாமன்னு சொன்னாவல்லா? முன்னம்பல்லு ஒண்ணு போன மாசம் விழுந்துச்சே?”

“அதச் சாணியில பொதிஞ்சு கூரையில எறிஞ்சாச்சுல்லாண்ணே.”

“எறிஞ்சா? அதும் பிள்ளையோட பல்லுதானல?”

சுடலைக்கண்ணு கூரையை அண்ணாந்து பார்த்தான். “ஆமாண்ணே. வாயில உள்ளது எச்சியிலயாவது நனையுது. அது சாணிக்குள்ளல்லா கிடக்கு? மொதல்ல அதத்தான் தேய்க்கணும்.”

ஏணி வந்தது. பக்கத்து வீட்டு வேலாண்டியும் ஏறினான். பல் எந்த ஓட்டில் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே பட்டாணியளவு பேஸ்ட் வைத்து எல்லா ஓட்டையும் தேய்த்தார்கள். வேலாண்டி நுரையில் சறுக்கி வைக்கோல் போரில் விழுந்து, மறுபடி ஏறி வந்தான்.

“யப்பா, என் வாயில உள்ளதயும் தேய்ச்சு விடேன்!” என்று கீழேயிருந்து கத்தினாள் முத்தரசி.

“பொறு தாயி. வாயில உள்ளது எங்க ஓடிரப்போவுது?”

காத்திருந்து அலுத்துப்போன முத்தரசி, கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்துத் தானே தேய்த்துக்கொண்டாள். தினமும் இதே கூத்து.

அடுத்த வாரம் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். “அட, சுத்தமா வச்சிருக்கீங்களே! பல்லு தப்பிச்சுது,” என்று அடைத்து விட்டார். “ஆறு மாசம் கழிச்சு எல்லாப் பல்லையும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டிட்டுப் போங்க.”

மறுநாள் முத்தரசி முறுக்கை நறுக்கென்று கடித்தாள். மாசாணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் நாம கூரையில பட்ட பாடுதாம்ல,” என்றான் தம்பியிடம்.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. வண்டி நிறைய ஓடு. மேலே அண்ணனும் தம்பியும்.

“என்னங்க இது? பிள்ளை எங்கே?”

“அவ எப்படிம்மா வர முடியும்?” என்றான் மாசாணம். “மழை வர்ற மாதிரி இருக்குல்லா? அவளும் அவ அம்மையும் வீட்டுக்குக் குடை பிடிச்சிட்டு நிக்காவ.”