கலக்காத கொழுப்பு

மரியநேசன் குப்பியைக் கழுவுதொட்டிக்கு மேலே கவிழ்க்கப்போன நேரத்தில் நூர்ஜமீலா ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார்.

"எதுக்கு சார் கொட்டுறீங்க?"

"கலக்கவே மாட்டேங்குது மேடம்."

நேசன் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர். விடுப்பு எடுத்துக்கொண்டு, தன்னைவிட வயதில் இளையவரான நூர்ஜமீலாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்தார். விடுப்பு முடியப்போகிறது. சொல்லிக்கொள்ள ஒரு முடிவும் கைக்கு வரவில்லை.

உயிரணுவைப் போர்த்தியிருக்கும் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று ஆனது. அதைப்போல ஒன்றைத் தானே செய்து பார்ப்பதுதான் நேசனின் வேலை. மூலக்கூறின் வால் நிமிர்ந்த கொழுப்பு ஒன்று, வால் வளைந்தது ஒன்று, கூடக் கொஞ்சம் கொலஸ்ட்ரால். மூன்றையும் சேர்த்து நுண்ணிய குமிழிகளாக்கி, ஒளிரும் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார். குமிழி முழுக்க ஒரே வெளிச்சமாகத் தெரியுமென்று எதிர்பார்ப்பார். ஒவ்வொரு முறையும் கொழுப்புகள் பிரிந்து, சாயம் ஏறாத கருப்புத் திட்டுகள்தான் தெரிந்தன.

"என் கை சரியில்ல மேடம். காலேஜுக்கே திரும்பிப் போயிடலாம்னு பாக்குறேன்."

நூர்ஜமீலா குப்பியை வாங்கி, ஒரு சொட்டெடுத்து ஸ்லைடில் விட்டார். மைக்ரோஸ்கோப்பின் சூடேற்றும் திருகைக் காட்டினார்.

"மெதுவாக் கூட்டுங்க. கண்ண எடுக்காதீங்க."

நேசன் குனிந்தார். திட்டுகள் வட்ட வட்டமாக மிதந்தன. இரண்டு முட்டிக்கொண்டு ஒன்றாகி, மறுபடி வட்டமாயின. சூடு ஏற ஏற அவற்றின் ஓரம் நடுங்கத் தொடங்கியது. நீண்டது, அறுந்தது, ஒட்டிக்கொண்டது. எது திட்டு, எது வெளி என்றே சொல்ல முடியவில்லை. பிறகு குமிழி முழுக்க ஒரே வெளிச்சம்.

"கலந்துடுச்சு," என்றார் மூச்சுவிடாமல்.

"இப்பக் குறைங்க."

குறைத்தார். நடுக்கம் திரும்பியது. அதற்குள்ளிருந்து திட்டுகள் பிறந்தன. முன்பு இருந்த இடத்தில் இல்லை, வேறெங்கோ.

"யாரு மேடம் இதுகளப் பிரிக்கிறது?"

"யாரு சேத்தது?"

நேசன் திருகிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப என் கை மேல தப்பில்லையா?"

"இதுல உங்க கை எங்க இருக்கு?"

அன்று நேசன் சாப்பிடப் போகவில்லை. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். மாலையில் இரண்டு படங்களோடு நூர்ஜமீலாவின் அறைக்குப் போனார். ஒன்றில் குமிழி முழுக்க வெளிச்சம். இன்னொன்றில் திட்டுகள்.

"சேர்றதா, பிரியறதா? எது மேடம் இதோட இயல்பு? எத எழுதட்டும்?"

நூர்ஜமீலா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நடுவுல நடுங்கிச்சே சார், அதப் படம் எடுக்கலையா?"